நாலாவது எலும்பின் கீழ்த்தட்டு

அந்த எலும்புத் துண்டு ஒரு தீக்குச்சியின் கனம்தான் இருந்தது. நீளம் தீக்குச்சியில் பாதி. ஃபார்மலின் ஊற்றிய சின்னப் புட்டிக்குள் சாய்ந்து நின்றது. புட்டியைத் தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார் எலும்பு டாக்டர்.

“ஒண்ணுதான் கிடைச்சுது. இனிமே அந்த அம்மா முதுகுல நான் ஊசி விட மாட்டேன். இதையும் பொடியாக்கிடாதீங்க,” என்றார்.

‘இதையும்’ என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் என்னிடம் வந்த இரண்டு எலும்புகளும் உருப்படவில்லை.

கோவில்பட்டியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். மதுரையில் படித்துவிட்டு வந்திருந்தேன். ரத்தம், சளி, சிறுநீர் இவைதான் அன்றாட வேலை. வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பிய திசு வெட்டும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை முடியைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெந்நீர் விடுவதற்கு ஓர் எனாமல் தட்டு வைத்திருந்தேன். அதன் அடியில் ஓட்டை. தார் வைத்து அடைத்திருந்தது. தயாரான கண்ணாடிகளைப் படித்துச் சொல்ல நாகர்கோவிலிலிருந்து ஒரு லேடி டாக்டர் சனிக்கிழமைதோறும் வருவார். அறையில் உள்ள பொருள்களின் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டியல், அதில் எண்கள். பட்டியல் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது.

புட்டியோடு வந்த தாளில் இப்படி இருந்தது: பெண், வயது முப்பத்தெட்டு. ஊர் எப்போதும்வென்றான் பக்கம். தொழில் ஆபீஸ். எட்டு மாதமாக இடுப்புவலி. அடிபடவில்லை, விழவில்லை. எக்ஸ்ரேயில் இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருக்கிறது. இரண்டின் தட்டுகளும் அரித்தாற்போல் இருக்கின்றன. காசநோயா?

தட்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு. வட்டும் எலும்பும் தொடும் இடத்தில், எலும்புக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி. மெல்லிய குருத்தெலும்பும் அதன் அடியில் கெட்டியான எலும்புத் தகடும் சேர்ந்தது அந்த மூடி. அதைத்தான் தட்டு என்கிறோம். வட்டுக்கென்று ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்தெல்லாம் தட்டின் வழியாகக் கசிந்துதான் போக வேண்டும். தட்டு கெட்டால் வட்டும் கெடும். தட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலும்பு மஜ்ஜையும் மாறும்.

தட்டை அரிப்பதில் காசநோய்க்குப் பேர் அதிகம். அதனால்தான் டாக்டரின் சந்தேகம். ஊசியைக் கழுவிய நீரை வேறொரு புட்டியில் கிருமி வளர்ப்புக்கு வைத்திருந்தோம். ஆனால் அது பதில் சொல்ல எட்டு வாரம் ஆகும். காசநோயாக இருந்து எட்டு வாரம் சும்மா இருந்தால் கால் இரண்டும் விழுந்துவிடலாம். “அடுத்த சனிக்கிழமை உங்க கண்ணாடி என்ன சொல்லுதுன்னு பாப்பேன். ஒண்ணும் சொல்லலைன்னா திங்கள்கிழமை காசநோய் ஆஸ்பத்திரிக்கு வண்டியில அனுப்பிடுவேன். ஒண்ணரை வருஷம் மருந்து, மாவுக்கட்டுப் படுக்கை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரத்தம் எடுக்க அந்த அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். ஒடிசலான உடம்பு, வெளிறிய கண்கள், அசையாமல் மல்லாந்த படுக்கை. பக்கத்தில் ஸ்டூலில் அவருடைய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்காள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இப்படி தினமும் உறிஞ்சினா இவகிட்ட மிச்சம் என்ன இருக்கும்? எலும்புருக்கின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. நாங்க ஆகவேண்டியதப் பாக்கோம்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் காசநோய்க்கு அதுதான் பெயர்.

“என்னத்தப் பாக்கப்போறீங்க மதினி? அதான் பிள்ளைகள ரெண்டையும் ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே,” என்றார் படுத்திருந்தவர்.

“பொறவு? எலும்புருக்கிக்காரி வீட்டுல பொட்டப்பிள்ளைகள விட்டுட்டு வரச் சொல்லுதியாட்டி? நாளைக்கு எவன் கெட்டுவான்?”

படுத்திருந்தவர் என்னைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். அங்கே ஓர் எவர்சில்வர் தட்டு. விளிம்பில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி.

“பாத்தீங்களாம்மா? வீட்டுத் தட்டோட கலந்துரக் கூடாதுன்னு அடையாளம் போட்டுட்டாவ. சிலுவைன்னு நெனச்சு இங்க உள்ள சிஸ்டருக்கு ஒரே சந்தோசம். தெனமும் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாவ.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்ததில் இடுப்பு இழுத்து முகம் சுருங்கியது. பிறகு, “நோய்ப் பூச்சி இருந்தா இருக்குன்னு சொல்லிருங்க. இல்லன்னா இல்லன்னு சத்தமாச் சொல்லுங்க. இவிய காதுல விழணும்,” என்றார்.

அன்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: ஒரு துண்டு. பத்து நாள். தப்பு செய்ய இடமில்லை.

முன் செய்த தப்புகளையும் அதன் கீழே எழுதிக்கொண்டேன். எலும்பை அப்படியே சீவ முடியாது. கத்தி பல் பல்லாகப் போய்விடும். முதலில் அமிலத்தில் போட்டு அதில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். கரைந்து முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, அமிலத்தில் கொஞ்சம் எடுத்து வேறொரு மருந்து சேர்ப்போம். கலங்கினால் இன்னும் சுண்ணாம்பு வருகிறது. தெளிவாக நின்றால் முடிந்தது. என் முதல் எலும்பில் நாள் தவறாமல் கலங்கிக்கொண்டே இருந்தது. நானும் நாள் தவறாமல் அமிலத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எலும்பு நுங்கு மாதிரி ஆன பிறகுதான் உறைத்தது. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனதால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அமிலத்தைக் கலந்திருந்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படை கட்டும். எலும்பில் சுண்ணாம்பு என்றைக்கோ தீர்ந்துவிட்டது. நான் நாள்தோறும் சோதித்தது எங்கள் ஊர்க் கிணற்றை.

இரண்டாவது எலும்பில் அமிலம் சரியாக அமைந்தது. மெழுகு காலை வாரிவிட்டது. எங்களுக்கு வந்த மெழுகு குளிர்தேசத்துக்காரர்களுக்குச் செய்தது. சித்திரை வெயிலில், மேற்கே பார்த்த அந்த அறையில், காலை பத்து மணிக்கே கட்டியில் விரல்ரேகை பதிந்தது. கத்தி பட்டதும் மெழுகு நசுங்கி, எலும்பு மட்டும் புளியங்கொட்டை மாதிரி துள்ளித் தரையில் விழுந்தது.

இப்போதும் சித்திரைதான். மெழுகும் அதேதான்.

துண்டு அமிலத்தில் கிடந்த இரண்டாம் நாள், ஸ்பிரிட் விளக்கை ஏற்றத் தீக்குச்சி உரசினேன். அணைத்துவிட்டுக் குச்சியைப் பார்த்தபோது மருந்துக்குக் கீழே கொஞ்ச தூரம் பளபளவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெழுகு. குச்சி நின்று எரிவதற்காக முக்கியிருந்த மெழுகு. அந்த வெயிலிலும் அது கையில் ஒட்டவில்லை, பொரிந்து உதிர்ந்தது. தீக்குச்சியும் குச்சி கனத்தில் ஓர் எலும்பும் ஒரே மேசையில் கிடந்தன. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து தீப்பெட்டிகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன்.

சாயங்காலம் எங்கள் தெருமுனையில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனேன். மெழுகு காய்ச்சுகிறவர் கொப்பரைக்கு முன்னால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, குச்சி முக்குத மெழுகுல ஒரு கட்டி வேணும்.”

“எதுக்கும்மா? ஆஸ்பத்திரில கரண்டு போயிட்டா?”

“எலும்ப முக்கணும்.”

அவர் துடுப்பை நிறுத்தினார். “யாரு எலும்ப?”

“உசுரோட இருக்கவங்க எலும்புதான் அண்ணாச்சி.”

“அப்ப நான் ஒங்க ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டேன்.” சொல்லிவிட்டு மூலையிலிருந்து ஒரு பாளத்தை எடுத்து உடைத்தார். “இதக் கொண்டுபோங்க. இது லேசுல எளகாது. எங்க பட்டறைச் சூட்டுலயே கல்லு மாதிரி கெடக்கும். ஆனா உருக்குததுக்குப் பொறும வேணும். அவசரப்பட்டுத் தீய ஏத்துனீங்க, பொகைஞ்சிரும்.”

இரவல் வாங்கிய மெழுகை நம்பி ஒற்றைத் துண்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. கறிக்கடையில் போய், கறி வேண்டாம், முதுகெலும்பு மட்டும் போதும் என்றேன். கடைக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளாட்டின் முதுகெலும்பை இலையில் பொதிந்து கொடுத்தார். அதில் குச்சி அளவுக்கு ஒரு துண்டு எடுத்துக் கடும் அமிலத்தில் ஒரே நாளில் சுண்ணாம்பை இறக்கி, அண்ணாச்சியின் மெழுகில் ஏற்றினேன். மெழுகை உருக்கி வைக்கும் அடுப்புப் பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. மெழுகில் தூசி இருந்தது. பழைய வேட்டித் துணியில் மூன்று முறை வடிகட்டினேன். கட்டி வெள்ளையாக, கண்ணாடி மாதிரி இறுகியது. மறுநாள் வெட்டிப் பார்த்தேன். ஆட்டின் தட்டு, நீலமும் ரோஜாவுமாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது.

மனிதத் துண்டை மெதுவான அமிலத்தில்தான் வைத்திருந்தேன், காய்ச்சி வடித்த நீரில் கலந்து. முதல் நான்கு நாளும் சோதனை கலங்கியது. ஐந்தாம் நாள் காலை, குழாயைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளியே நின்ற வேப்பமரம் அதன் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, வெயில் ஏறுவதற்கு முன் வெட்ட உட்கார்ந்தேன். கத்தியை முந்தின நாளே தீட்டியிருந்தேன். சோடா கம்பெனியிலிருந்து வாங்கிய ஐஸ்கட்டியின்மேல் மெழுகுக் கட்டியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு இயந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினேன். முதல் சீவல் சுருண்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது கத்தியின் விளிம்பில் தட்டையாகப் படுத்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாலாவது வந்தது, ஐந்தாவது வந்தது. ரிப்பன் நீண்டது. மூச்சை விட்டால் பறந்துவிடும் என்பதால் மூச்சை அடக்கியிருந்தேன். எனாமல் தட்டின் வெந்நீரில் அதை இறக்கியபோது சுருக்கமெல்லாம் தானாக விரிந்தது. ஒவ்வொரு சீவலின் நடுவிலும் ஒரு சின்னச் செவ்வகம், ஒரு பக்கம் கண்ணாடி போல, மறுபக்கம் வலை போல. குருத்தெலும்பும் எலும்பும். தட்டு முழுதாக வந்திருந்தது.

எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத அந்த அறையில் இரண்டு கையையும் ஒரு தடவை தட்டினேன்.

சனிக்கிழமை வந்த லேடி டாக்டர் கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்திப் பார்த்தார். பிறகு, “மக்கா, இது இங்கயா வெட்டினது?” என்றார்.

“ஆமா டாக்டர். தீப்பெட்டி மெழுகுல.”

“என்ன மெழுகா இருந்தா என்ன. மெடிக்கல் காலேஜ்லகூட இப்படி ஒரு எலும்பு நான் பாத்ததில்ல. வா, நீயும் பாரு.”

பார்த்தேன். குருத்தெலும்பு வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெடிப்புகள், மேலிருந்து கீழாக, சித்திரையில் எங்கள் கரிசல் காடு வெடிக்கிற மாதிரி. வெடிப்பின் ஓரங்களில் குருத்தெலும்பின் அணுக்கள் தனித்தனியாக இல்லாமல் கும்பல் கும்பலாக ஒண்டியிருந்தன. வெடிப்புக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் நுழைந்திருந்தன, அங்கே அவற்றுக்கு வேலையே இல்லை. தகட்டுக்கு அடியில் ரத்த அணுக்கள் பிறக்கிற மஜ்ஜையைக் காணோம். அந்த இடத்தில் தளர்ந்த நார்த்திசு, நிறையப் புதுக் குழாய்கள். இன்னும் கீழே போனால் மஜ்ஜை முழுக்கக் கொழுப்பாக மாறி வெள்ளை வெள்ளையாகக் குமிழிட்டிருந்தது. எலும்புச் சட்டங்கள் தடித்து, மேலே புது எலும்பு பூசினாற்போல் இருந்தன. உடம்பு அந்த இடத்தை உடைய உடையப் பழுது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

“இப்ப இல்லாதத எண்ணு,” என்றார் டாக்டர்.

காசநோய்க்கான அடையாளங்களை எண்ணினேன். அணுக்கள் முடிச்சுப் போட்ட இடம் இல்லை. பல கருக்கள் கொண்ட பெரிய அணு இல்லை. தயிர்க்கட்டி மாதிரி செத்த திசு இல்லை. கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சாயம் போட்ட கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. பத்தொன்பது சீவல், ஒன்றிலும் இல்லை.

எலும்பு டாக்டரை வரச் சொன்னோம். அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அருமையா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இந்த ஒரு குச்சியில டி.பி. இல்லைன்னா, பக்கத்துலயும் இல்லைன்னு அர்த்தமா? நான் கேக்கறது ஒண்ணுதான். டி.பி. இல்லைன்னா இந்தத் தட்டு ஏன் உடைஞ்சுது? விழல, அடிபடல, வயசும் ஆகல. நாற்காலியில உக்காந்து ஃபைல் பாக்கற அம்மா. மூட்டை தூக்கறவங்களுக்கு இப்படித் தேயலாம். இவங்களுக்கு ஏன்? காரணம் இல்லாம நான் மருந்தை நிறுத்தி வைக்க முடியாது. திங்கள்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சு.”

கேள்வி நியாயமானது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் காதில் திரும்ப ஒலித்தது.

“டாக்டர், ஃபைல் எங்கிருந்து வந்துச்சு?”

“ஃபார்ம்லயே இருக்கே.” தாளைத் தட்டிக் காட்டினார். “தொழில், ஆபீஸ்.”

அந்தத் தாளை அன்றைக்குள் நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். அந்தச் சொல்லில் ஒரு தடவைகூட நின்றதில்லை. எனக்கு அது அவ்வளவு வெளிப்படையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் விடியுமுன் பஸ் வந்து ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே போகிறாய் என்று கேட்டால், எல்லாரும் சொல்வது ஒரே சொல். தாளை நிரப்பிய நர்ஸ் கேரளாவிலிருந்து வந்தவர். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். எலும்பு டாக்டர் மெட்ராஸ்காரர். எழுதியிருந்ததை அப்படியே படித்திருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தப்பாகவும் எழுதவில்லை.

“டாக்டர், அது தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி செய்யுற இடம். இங்கன ஆபீஸ்னா அதான்.”

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு,” என்றார் மெல்ல. “வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் ஆபீஸ் ஆபீஸ்னாங்க. பரவாயில்லையே, நல்ல முன்னேற்றம்னு ஊருக்கு லெட்டரே எழுதினேன்.”

லேடி டாக்டர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. நான் கண்ணாடிகளைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேரும் வார்டுக்குப் போனோம். எலும்பு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து சுவரோரம் நின்றார்.

“அம்மா, ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?”

“கட்ட தூக்குதது சார்.”

“கட்டைன்னா?”

அவர் படுத்தபடியே கைகளை அகலமாக விரித்துக் காட்டினார். “குச்சி அடுக்குன சட்டம் சார். கூட வேல பாக்குத பிள்ளைக அடுக்கி அடுக்கித் தரையில வைக்கும். நான் குனிஞ்சு எடுத்து மெழுகு முக்குத எடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கயிருந்து மருந்து முக்குத எடத்துக்கு. அங்கயிருந்து காயப்போட.”

“ஒரு தடவைக்கு எத்தனை?”

“ஒண்ணொண்ணாத் தூக்குனா மேஸ்திரி சும்மா விடுவாரா? நாலு, அஞ்சு.”

நான் நோட்டைத் திறந்து, அவர் சொன்னதையும் நான் பார்த்து வளர்ந்ததையும் சேர்த்து வரிசையாக எழுதினேன்.

1. தரையிலிருந்து குனிந்து எடுப்பது.
2. எடுத்த பாரத்தோடு இடுப்பைத் திருப்புவது, வழி குறுகல்.
3. மருந்து மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்குவது.
4. காயப்போடும் அடுக்கில் தலைக்கு மேலே ஏற்றுவது.
5. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை.

“எத்தனை வருஷமா?” என்று கேட்டார் டாக்டர்.

“வயசுக்கு வந்ததுலேருந்து சார். இருபது வருசத்துக்கு மேல இருக்கும். நடுவுல பிள்ளப்பேத்துக்கு ரெண்டு தடவ நின்னேன். ஞாயித்துக்கெழம லீவு. அன்னைக்குக் காட்டுல பருத்தி எடுப்பேன்.”

“அன்னைக்கும் குனிஞ்சு,” என்றார் லேடி டாக்டர்.

“நிமிந்து எடுக்கதுக்குப் பருத்தி என்ன தென்னமரத்துலயா காய்க்கி?” என்றார் அந்த அம்மா.

எலும்பு டாக்டர் நோட்டை என்னிடமிருந்து வாங்கி ஐந்து வரியையும் படித்தார். கீழே தன் பேனாவால் ஒரு கோடு போட்டார். “காரணம் கேட்டேன், கிடைச்சிருச்சு. வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. டி.பி. ஊசியும் வேண்டாம். வளர்ப்புப் புட்டி பதில் சொல்ற வரைக்கும் இங்கேயே படுக்கட்டும். கால்ல கொஞ்சம் பலம் குறைஞ்சாலும் உடனே சொல்லணும்.”

எட்டு வாரம் நான் காலையில் அறையைத் திறந்ததும் முதலில் பார்த்தது அந்தப் புட்டியைத்தான். பச்சை நிறத்தில் சாய்வாக உறைந்திருந்த, கிருமி வளர்வதற்கான உணவின்மேல் எதுவும் முளைக்கவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு புள்ளி கண்ணில் பட்டு உயிர் போய் வந்தது. கண்ணாடிக்கு வெளியே ஈ விட்டுப்போன எச்சம். இதற்கிடையில் அந்த அம்மாவுக்கு ஓய்விலும், இரும்புச்சத்து மாத்திரையிலும், இடுப்புப் பட்டையிலும் வலி பாதியாகக் குறைந்தது. எழுந்து உட்கார்ந்தார். பிறகு நடந்தார். கால்கள் உறுதியாக நின்றன. எட்டாவது வாரக் கடைசியில் புட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நோட்டில் ‘இல்லை’ என்று எழுதி, என் வழக்கத்துக்கு மாறாக, அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று அறிக்கையைக் கொடுத்தபோது நாத்தனார் அதை வாங்கவில்லை.

“இங்கிலீசுல எழுதுனத வச்சு எங்க ஊர்ல கருவாடுதான் மடிக்கலாம். தமிழ்ல எழுதுங்க. நாலு பேருக்கு முன்னால வாசிக்கணும்லா?”

எலும்பு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். இரண்டு டாக்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள், ஆஸ்பத்திரி முத்திரையும் விழுந்தது. கட்டிலருகே நின்று, அந்த அம்மா முன்பு கேட்டிருந்தபடி சத்தமாக வாசித்தேன்.

“இவருக்கு எலும்புருக்கி நோய் இல்லை. இவரிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. இடுப்பில் நாலாவது எலும்பின் கீழ்த்தட்டு, பல வருடம் பாரம் தூக்கியதால் வெடித்துத் தேய்ந்திருக்கிறது. இனி குனிந்து பாரம் தூக்கக் கூடாது.”

நாத்தனாருக்கு முகம் மாறியது. “கீழ்த்தட்டா?” என்றவர் சட்டென்று குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். “தேயலம்மா. நாந்தான் ஆணிய வச்சுக் கீறினேன். அதப் போயி கவர்மெண்டு முத்திர வச்ச தாள்லயா எழுதுவாவ?”

வார்டே சிரித்தது. அது கவர்மெண்ட் முத்திரை இல்லை என்று சொல்லக்கூட என்னால் முடியவில்லை. அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்த முறை முகம் சுருங்கவில்லை.

“விடுங்க மதினி, அது எலும்புல உள்ள தட்டு. இது நீங்க வெட்டுன தட்டு. ரெண்டுல ஒண்ணாவது எனக்கு நல்லதாத் தாங்க,” என்றார்.

நாத்தனார் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பையை அந்த அம்மா எடுக்கக் குனிந்தபோது, “ஏட்டி, குனியக் கூடாதுன்னு இப்பத்தான வாசிச்சாவ? காது கேக்கலையா?” என்று அதட்டிப் பிடுங்கிக்கொண்டார். எப்போதும்வென்றானுக்குப் போகிற பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தபோது அவர் தனியாக வரவில்லை. இரண்டு மகள்களும் கூட வந்தார்கள். கட்டை தூக்குவதை விட்டுவிட்டு, மேசைக்கு முன் உட்கார்ந்து பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை கேட்டு வாங்கியிருந்தார். “இப்பத்தாம்மா ஒங்க டாக்டரு நெனச்ச மாதிரி ஆபீஸு,” என்றார். ஒரு கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து அவருடைய எலும்பை அவருக்கே காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “எங்க காடு மாதிரில்லா வெடிச்சிருக்கு,” என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு மஞ்சப்பைக்குள் கைவிட்டு அந்த எவர்சில்வர் தட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“வீட்டுல எல்லாத் தட்டும் இப்ப ஒண்ணாத்தான் கெடக்கு. இத மட்டும் மதினி கண்ணுல படாம ஒளிச்சு ஒளிச்சு வைக்காவ. பாத்தா அவியளுக்கே சங்கடமா இருக்காம். நல்ல கனமான தட்டு, தூர எறிய மனசு வரல. ஒங்களுக்கு ஆவுமாம்மா?”

ஆகும் என்றேன். அன்றைக்கே தார் வைத்த எனாமல் தட்டைத் தூக்கிப் போட்டேன்.

நாலு வருடம் ஆகிறது. தொழில் என்ற இடத்துக்குக் கீழே எங்கள் ஆஸ்பத்திரித் தாளில் இப்போது இன்னொரு வரி அச்சாகி வருகிறது, எலும்பு டாக்டர் சொல்லிச் சேர்த்தது: எந்த ஆபீஸ், எதைத் தூக்குகிறார்? அதற்குப் பிறகு என்னிடம் பல எலும்புகள் வந்துவிட்டன. அண்ணாச்சியின் மெழுகில் ஒன்றும் பாழாகவில்லை. வெட்டிய ரிப்பனை இன்றும் அந்த எவர்சில்வர் தட்டின் வெந்நீரில்தான் இறக்குகிறேன். விளிம்பில் உள்ள பெருக்கல் குறி நல்ல உதவி. ரிப்பனின் முதல் சீவலை எப்போதும் அதற்கு நேராக விடுவேன், வரிசை தப்பாது.